கலப்பு மணமும் ஊர்ப்பழியும்

பழி என்பது பாவத்தின் நிழல் எனப் பலரும் கருதுகின்றனர். பாவம் உள்ள இடத்தில் பழி தானே வந்து சேரும் என்பதும், பழி வந்துற்ற இடத்தில் பாவம் இருந்தே தீரும் என்பதும் அவர்தம் துணிபு. சரித்திரத்தை ஊன்றி நோக்குவார்க்கு இத்துணிபு நிலைபெறாது. ஒரு காலத்தில் பரிசு பெற்ற செயலே மற்றொரு காலத்தில் தண்டம் பெறுகின்றது. ஆடவன் செய்தால் இளமையின் விளையாட்டு எனப்படுவது, பெண் செய்தால் குலநாசம் எனப்படுகின்றது. வேற்றினத்தாரோடு மணவுறவு கொண்டாரையும், மணமின்றித் தாயானாரையும், அவர் வயிற்றுதித்த மக்களையும் நம் நாட்டார் நடத்தி வந்த முறையே இதற்குத் தக்க சான்று. அச்சரிதத்தை, சென்னை நகரின் தென்பகுதியாகிய மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் என்னும் இடங்களை நடுவாக வைத்து நேயர்கள் முன் சுருங்கக் கூற விரும்புகின்றோம்.

சாதிச் சங்கத்தின் ஏட்டில் இதனை எழுதுவானேன் எனச் சிலர் வினவக்கூடும். விலக்கு என்னும் ஆயுதத்தைக் கையில் வைத்திருந்தவை சாதிக் கட்டுகளேயாதலின், இதனைப் பேசுதற்கு உரிய இடமும் இதுவே என்பது எம் கருத்து.

கும்பினியார் கொடுத்த வராகன்

மயிலாப்பூரை அடுத்த சாந்தோமில் போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே குடியேறினர். அவருட் பலர் இந்நாட்டுப் பெண்களை மணந்து இங்கேயே குடும்பிகளாயினர். பின்னர் 1640-ஆம் ஆண்டளவில் ஆங்கிலக் கும்பினியார் வடக்கே கோட்டை கட்டியபோது, அக்கோட்டையின் வெள்ளைச் சிப்பாய்களும் அவ்வழியே சென்றனர். சீமையிலிருந்து பெண்களைக் கப்பலேற்றி வருதல் பெருஞ்செலவு, ஆறு மாதப் பிரயாணம், வருவோரும் சிலர். ஆதலின் கும்பினியின் இலண்டன் இயக்குநர்கள் 1687-ஆம் ஆண்டில் சென்னைக்கு எழுதிய கடிதத்தில், சிப்பாய்கள் இந்நாட்டுப் பெண்களை மணத்தல் வருங்காலத்துக்கு மிக வேண்டுவதொன்றெனக் கூறி, அத்தகைய மணத்திற் பிறக்கும் குழவிக்கு ஞானஸ்நானம் நடைபெறும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் அளிக்கலாம் என்றும் தெரிவித்தனர். கலப்பு மணம் அன்று பழியன்று, இராச்சியத்தின் ஆதாயம்.

நூறாண்டு கழிந்தது. கும்பினியாரின் ஆட்சி வேரூன்றிவிட்டது. உத்தியோகங்களின் ஊதியம் பெருகவே, சீமையிலுள்ள தம் பிள்ளைகளுக்கும் மருகர்களுக்கும் அவற்றை ஒதுக்கிவைக்க இயக்குநர்கள் விழைந்தனர். 1791-ஆம் ஆண்டில், இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்த மகன் எவனும் கும்பினியின் சிவில், இராணுவ, கடற்படை உத்தியோகங்களில் அமர்தலாகாது எனத் தடை பிறந்தது. 1795-இல் அத்தகையோர் படையில் குழலூதவும் முரசடிக்கவும் குதிரைக்கு இலாடமடிக்கவுமே தகுந்தோர் எனக் குறுக்கப்பட்டனர். பாட்டிக்கு வராகன் கொடுத்த கையே பேரனுக்கு வாயிலை அடைத்தது. இடையில் எந்த வேதம் மாறிற்று? எந்தத் தருமம் மாறிற்று? மாறியது கணக்குப் புத்தகமேயன்றி வேறன்று.

அவ்வாறு தள்ளப்பட்ட சிறுவர் எத்தகையோர் என்பதையும் கூறல் வேண்டும். 1789-ஆம் ஆண்டில் எழும்பூரில் படைவீரரின் ஆண்மக்களுக்கென ஓர் அநாதை விடுதி தொடங்கப்பெற்றது. அங்கிருந்த சிறுவருட் பெரும்பாலார் இந்நாட்டுத் தாய்மாரின் பிள்ளைகள். ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் அவ்விடுதியின் தலைவராயிருந்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும், மூத்த மாணாக்கனே இளையவர்க்குக் கற்பிப்பதையும் கண்டு, அம்முறையை அங்கே அவர் நடத்திப் பார்த்தார்; 1797-இல் அதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு அக்கல்விமுறை இங்கிலாந்து முழுதும் பரவிற்று. ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்னும் பள்ளி இன்றும் நடைபெறுகின்றது. ஊரார் முகஞ்சுளித்துப் பார்த்த பிள்ளைகள் தம் ஊரின் பெயரைக் கடல்கடந்து நிறுத்தினர். ஆயினும் அவர்களைப் பெற்ற தாய்மாரை யார் அறிவார்? அக்காலத்து ஞானஸ்நானப் பதிவேடுகளில் தந்தையின் பெயரும் பட்டாளமும் எழுதப்பட்டிருக்கும். தாயின் பெயர் பலவிடத்தும் காணப்படாது.

புதுக்கோட்டை அரசர் பட்ட பாடு

இந்நிறவெறி எளியோரை மட்டுமன்றி முடிமன்னரையும் விட்டதில்லை. புதுக்கோட்டை அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மாலி பிங்க் என்னும் வெள்ளைப் பெண்மணியை முறைப்படி பதிவு செய்து மணந்தார். இதிற் களவில்லை, வஞ்சனையில்லை. இருவரும் வயது வந்தோர். எனினும் பிரிட்டிஷ் அரசாங்கம் அவரை அரசியாக ஏற்க மறுத்தது. அரசர் தம் மனைவியுடன் புதுக்கோட்டைக்கு வந்து தங்கிய சில மாதங்களில் அவ்வம்மைக்கு அரளி நஞ்சூட்டும் முயற்சி நடந்ததென அவர் சரிதம் எழுதினோர் குறித்துள்ளனர். 1916-இல் இருவரும் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினர். அவ்வாண்டே மகன் பிறந்தான். அம்மகனுக்கு அரசுரிமை மறுக்கப்பட்டது. அரசர் ஆட்சிப் பொறுப்பைத் துறந்து, அயல்நாடுகளிலேயே வாழ்ந்து, 1928-இல் பாரிஸ் நகரில் காலமானார். அவர்க்குப் பின் அக்குடும்பத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த இராஜகோபாலத் தொண்டைமான் இளஞ்சிறுவராக அரியணை ஏற்றப்பெற்றார்.

இங்கே நேயர்கள் ஒன்றை உற்றுநோக்க வேண்டும். வெள்ளையரின் நிறச்செருக்கும் நம்மவரின் குலச்செருக்கும் ஒன்றையொன்று வெறுத்தன என்பர். இச்செய்தியில் இரண்டும் கைகோத்து நின்றன. கருநிறத்தான் வெள்ளைப் பெண்ணை மணத்தலை அவர் பொறார்; அரச குலத்தில் மிலேச்சப் பெண் புகுதலை இவர் பொறார். இருவர் சினமும் விழுந்த இடம் இருபது வயது கடந்த ஒரு பெண்ணும் அவள் குழந்தையுமே.

இவ்வரசரைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. அதனைப் பின்னர் உரிய இடத்திற் கூறுவோம்.

அடையாற்றில் எழுந்த புயல்

மருந்து கொடுக்க வந்தோர் போலப் பலர் கூடிப் பேசி மயிலாப்பூரையே கலக்கிய மணம் 1920-ஆம் ஆண்டில் நடந்தது. அ. நீலகண்ட சாஸ்திரியார் பொதுப் பணித்துறையில் பொறியியலாளராக இருந்தவர். வடமொழிப் புலமையும் தியாசாபிகல் சங்கப் பற்றும் உடையவர். உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றபின் அச்சங்கத்தின் தலைமையிடத்தை அடுத்து அடையாற்றில் குடியமர்ந்தார். அவர் மனைவி சேஷம்மாள் திருவையாற்றார். இசையில் ஈடுபாடு மிக்கவர். இவர்தம் மகள் ருக்மிணி 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் மதுரையிற் பிறந்தவர். ஜார்ஜ் சிட்னி அருண்டேல் என்னும் ஆங்கிலேயர் 1878-இற் பிறந்தவர். காசியிலிருந்த மத்திய இந்துக் கல்லூரியில் ஆசிரியராகவும் பின்னர்த் தலைவராகவும் இருந்தவர். அன்னி பெசன்ட் அம்மையாரின் அணுக்கத் தொண்டர். தந்தையார் காலமானபின் தாயுடன் வாழ்ந்து வந்த ருக்மிணி, அருண்டேலை மணக்க இசைந்தார். மணம் பம்பாயிற் பதிவு முறையில் நிறைவேறிற்று.

1917-ஆம் ஆண்டில் ஹோம்ரூல் கிளர்ச்சிக்காக அன்னி பெசன்ட் அம்மையாரையும் வாடியாவையும் இதே அருண்டேலையும் அரசாங்கத்தார் உதகமண்டலத்திற் காவலில் வைத்தபோது சென்னை நகரம் கொதித்தெழுந்தது. மயிலாப்பூரின் பெரியாராகிய சர் சுப்பிரமணிய ஐயர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்க்கே முறையீடு எழுதினார். அதனால் எழுந்த கண்டனத்தின்பின் தம் பட்டத்தையும் துறந்தார். இந்தியாவின் பொருட்டுச் சிறைப்பட்ட வெள்ளையர் என அன்று அருண்டேலைப் போற்றிய நகரமே, மூன்றாண்டில் அவர் நம் வீட்டுப் பெண்ணை மணந்தார் எனக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாட்டுக்காகச் சிறை செல்லலாம். நம் வீட்டுப் பந்தியில் அமரலாகாது என்பதே அதன் பொருள்.

மணமகளின் வயது பதினாறு. மணமகனின் வயது நாற்பதைக் கடந்தது. இன்று அத்தகைய மணம் சட்டத்துக்கு மாறானது. அங்ஙனம் ஆக்கப்பட்டமையும் நன்றே. ஆனால் அன்று எழுந்த கூக்குரல் வயதைக் குறித்ததன்று. அக்கூக்குரலிட்ட வீடுகளிலேயே பன்னிரண்டு வயதுக்குள் பெண்ணுக்குத் தாலி கட்டுதல் வழக்கமாயிருந்தது. இரண்டாந்தாரமாக இளம்பெண்ணை மணந்த முதியோரும் மதிப்போடு வாழ்ந்தனர். பெண்ணுக்குப் பதினான்கு வயதாவது நிரம்ப வேண்டும் என்னும் சாரதா சட்டமே 1929-இல் தான் வந்தது. அதனை எதிர்த்துச் சென்னையில் வைதிகர் பெருமுழக்கம் செய்தனர். ஆதலின் அவர்க்கு உறுத்தியது வயதன்று, நிறமும் குலமுமே. மேலும், பெண் தானே இசைந்தாள் என்பது பொறுக்கலாகாக் குற்றமாயிற்று. கடல் கடந்து சென்ற ஆடவர்க்குச் சாத்திரிகள் பிராயச்சித்தம் விதித்துப் பந்தியிற் சேர்த்துக்கொண்டனர். வேற்றினத்தானை மணந்த பெண்ணுக்குப் பிராயச்சித்தம் எழுதிய ஏடு எதனையும் எவரும் தேடவில்லை.

சட்டத்தின் நிலையையும் சிறிது கூறுவோம். சாதி நீங்கினார்க்குச் சொத்துரிமை போகாது என 1850-ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. ஆயினும் சட்டம் நிலத்தைக் காக்குமேயன்றி, அண்டை வீட்டாரின் தண்ணீர்க் குடத்தையும் புரோகிதரின் வருகையையும் பெற்றுத்தர மாட்டாது. 1872-ஆம் ஆண்டின் விசேஷ விவாகச் சட்டம் சமயச் சடங்கின்றிப் பதிவு மணம் செய்ய இடந்தந்தது; ஆனால் மணமக்கள் இருவரும் தாம் இந்து சமயத்தினர் அல்லர், கிறிஸ்தவர் அல்லர் என்றாற்போல ஒவ்வொரு சமயத்தையும் மறுத்து உறுதிமொழி கூற வேண்டியிருந்தது. 1923-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்துக்கள், பௌத்தர், சீக்கியர், சைனர் ஆகியோர் தம்முள் மணப்பதற்கு மட்டும் அத்தடையை நீக்கிற்று. எச்சமயத்தாரும் தம் சமயத்தைக் கைவிடாமலே மணந்துகொள்ளும் வழி 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தான் முழுதும் திறந்தது. அதுகாறும், வேறு சமயத்தாரை இச்சட்டத்தின்படி மணக்க விரும்பியவர் முதலில் தம் தாய் தந்தையரின் தெய்வத்தை மறுத்துரைக்க வேண்டும் என ஆட்சியாளரே கட்டளையிட்டனர்.

பழிபட்ட இருவர் கூடியமை

ருக்மிணி தேவியாரின் பிற்கால வாழ்வு நாடறிந்தது. நாட்டியம் கற்க விரும்பியபோது அவருக்கு ஆசானாய் அமைந்தவருள் ஒருவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். கபாலீசுவரர் கோயிலில் ஆடிய தேவதாசி மரபினர் இவர். வேற்றினத்தானை மணந்தாள் எனத் தள்ளப்பட்ட பெண், மணம் என்பதே இல்லாத குலத்தாள் எனத் தள்ளப்பட்ட பெண்ணின் காலடியில் அமர்ந்து அபிநயம் பயின்றார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடமும் பயின்று, 1935-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அடையாற்றில் தியாசாபிகல் சங்க வைரவிழாவின்போது மேடையேறினார். 1936-ஆம் ஆண்டு சனவரி மாதம் கலாக்ஷேத்திரம் பிறந்தது. 1952-இல் அவர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்றார். 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கே அவர் பெயர் கருதப்பட்டபோது வேண்டாவென மறுத்துவிட்டார். 1986-இல் அவர் மறைந்தபின், 1993-ஆம் ஆண்டில் கலாக்ஷேத்திரத்தை நாட்டின் சிறப்புடைய நிறுவனமாகப் பாராளுமன்றம் சட்டத்தால் ஏற்றது. அன்று கதவடைத்த குடும்பங்களே பின்னர்த் தம் பெண்மக்களை அங்கே சேர்க்க வரிசையில் நின்றன.

புகழ் வந்தமையால் பழி நீங்கிற்று என்பது மகிழ்தற்குரியதே. ஆனால் அதனோடு அமைதல் கூடாது. புகழ் பெறாதவர் நிலை என்ன? கலாக்ஷேத்திரம் தோற்றுவிக்க இயலாத எளிய பெண்ணொருத்தி அவ்வாறே மணந்திருப்பின், அவளுக்காகக் கதவைத் திறந்திருப்பார் யார்? அன்னி பெசன்ட் அம்மையாரின் அரவணைப்பும் அடையாற்றுத் தோட்டத்தின் மதிலும் ருக்மிணிக்கு இருந்தன. மற்றவர்க்குத் தெருவே இருந்தது.

தந்தை பெயர் என்னும் வினா

தெருவில் நின்றோரைப் பற்றிப் பேசுங்கால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரின் வரலாறு முன்வந்து நிற்கின்றது. 1886-இல் புதுக்கோட்டையிற் பிறந்த அவர்தம் தந்தை நாராயணசாமி ஐயர். மகாராஜா கல்லூரித் தலைவராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபிற் பிறந்தவர். இவ்வுறவின் பொருட்டு நாராயணசாமி ஐயரை அவர் சுற்றத்தார் விலக்கினர். மகள் கல்லூரியிற் சேர விரும்பியபோது, பெண் என்றும், இன்ன தாயின் மகள் என்றும் இருவகைத் தடை எழுந்தது. அத்தடையை நீக்கிச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டவர் யார்? மேலே கூறிய மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானே. பிறர் மகளுக்குக் கதவு திறந்த அவ்வரசரால் சில ஆண்டுகளின்பின் தம் மனைவிக்கும் மகனுக்கும் கதவு திறக்க இயலாது போயிற்று.

முத்துலட்சுமி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார்; 1926-இல் சட்டசபை உறுப்பினராகி அதன் துணைத் தலைவருமானார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடங்கிய முயற்சி 1947-ஆம் ஆண்டுச் சட்டமாக முடிந்தது. அம்மரபினருள்ளும் பலர் அம்முயற்சியை எதிர்த்து விண்ணப்பம் அனுப்பினர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. தம் சொத்துரிமையும் கலையும் அழியும் என்றும், தம் குலத்தையே இழிந்தோராக எழுதுகின்றனர் என்றும் அவர் கூறியவற்றில் பொருளுண்டு. பழியைத் துடைக்க வந்த சட்டமும் சிலர் நெற்றியிற் புதிய பழியை எழுதிச் சென்றது.

சட்டம் வருமுன்னரே ஒரு கேள்வி எழுந்தது. அக்குலத்தினின்றும் விலகிப் படிக்க வந்த சிறுமியர் எங்கே தங்குவர்? நகரத்து விடுதிகள் சாதிவாரியாக நடந்தன. இவர்க்கு இடமளிப்பார் இலர். 1930-இல் முத்துலட்சுமி அம்மையார் தம் வீட்டிலேயே இடந்தந்து தொடங்கியதே ஔவை இல்லம். பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்று, ஆதரவற்ற பெண்மக்கள் அனைவர்க்கும் புகலிடமாயிற்று. தியாகராய நகரில் 1949-ஆம் ஆண்டில், காமராசரின் ஆதரவோடு மஞ்சுபாஷிணி அம்மையார் நிறுவிய பாலமந்திர், பெற்றோரின் பாதுகாப்பை இழந்த குழந்தைகளை ஏற்று வளர்த்தது. இவ்விரண்டு இல்லங்களும் ஒன்றை ஊர்க்கு உணர்த்தின: குழந்தையை ஏற்குமுன் அதன் தந்தை யார் என வினவுதல் கட்டாயமன்று.

ஏனையோர் அவ்வினாவை விட்டாரல்லர். மணமின்றித் தாயான பெண்ணின் முன் மூன்று வழிகளே வைக்கப்பட்டன: கிணறு, நாட்டு மருந்து, கைவிடுதல். உடனிருந்த ஆடவனுக்கோ வழி நூறு. குழந்தை தப்பிப் பிழைப்பின், பள்ளிக்கூடத்து வாயிலில் தந்தை பெயர் என்னும் கட்டம் அதற்காகக் காத்திருந்தது. தமிழர் பெயருக்கு முன் நிற்கும் ஓரெழுத்தே சிலர்க்கு முள்ளாயிற்று. அம்முள்ளையே மலராக்கிக்கொண்டாரும் உளர். இசையரசி எம். எஸ். சுப்புலட்சுமியாரின் பெயருக்கு முன் நிற்கும் ஈரெழுத்தில் ஒன்று மதுரை. மற்றொன்று வீணை வாசித்த தாயார் சண்முகவடிவு.

சட்டமும் மெல்ல மெல்ல அவ்வழியே வந்தது. 1955-ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம், செல்லாத மணத்திற் பிறந்த பிள்ளையைச் சட்டபூர்வப் பிள்ளையாகவே கொண்டது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மணமின்றிப் பிறந்த பிள்ளையைத் தாயின் உறவாக ஏற்றது. 2015-ஆம் ஆண்டு ஜூலை மாதம் உச்சநீதிமன்றம், மணமாகாத தாய் தன் குழந்தைக்குப் பாதுகாவலராவதற்குத் தந்தையின் பெயரை வெளியிட வேண்டுவதில்லை எனத் தீர்ப்பளித்தது. 2023-இல் செல்லாத மணத்தின் பிள்ளைகட்குப் பெற்றோரின் கூட்டுக் குடும்பப் பங்கிலும் உரிமை உண்டென அந்நீதிமன்றம் கூறிற்று. 1687-ஆம் ஆண்டின் வராகன் முதல் 2015-ஆம் ஆண்டின் தீர்ப்பு வரை எண்ணினால் முந்நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள். தாய் ஒருத்தியே தன் பிள்ளைக்குப் போதிய சான்று என நிறுவ அத்துணைக் காலம் சென்றது.

சங்கத்தார் செய்யத்தக்கது

மேற்கூறியவற்றால் விளங்குவது ஒன்று. பழியைப் படைத்தது தருமமன்று. ஆதாயமும் அச்சமும் செருக்குமே. கும்பினியார்க்கு ஆள் வேண்டியபோது பரிசாயிருந்தது, உத்தியோகம் வேண்டியபோது குற்றமாயிற்று. மயிலாப்பூருக்குத் தலைவர் வேண்டியபோது உறவாயிருந்தவர், மருமகனானபோது அந்நியராயினார். எல்லாக் காலத்தும் சுமை இறங்கிய தோள்கள் பெண்ணினுடையனவும் பிள்ளையினுடையனவுமே.

இக்காலத்திற் பல சாதிச் சங்கங்கள் குடும்ப வம்சாவளிகளைத் தொகுத்து அச்சிடுகின்றன. நற்செயலே. அவ்வேடுகளைப் புரட்டுவோர் ஒரு வகை வெறுமையைக் காணலாம். ஏழு தலைமுறை ஆண்மக்களின் பெயர் இடையறாது நிற்கும். நடுவே ஒரு மகளின் பெயர் மட்டும் இராது. அவள் இறந்தாள் அல்லள். வேற்றினத்தானை மணந்தாள், அல்லது மணமின்றித் தாயானாள். ஞானஸ்நான ஏட்டில் தாயின் பெயரை எழுதாத வெள்ளைக்காரக் குருமாரும், வம்சாவளியில் மகளின் பெயரை எழுதாத நம் பெரியோரும் ஒரே பேனாவைப் பிடித்தவரே.

ஆதலின் நேயர்கட்கும் சங்கத்தார்க்கும் யாம் வேண்டிக்கொள்வது இது: இனித் தொகுக்கும் வம்சாவளிகளில் அத்தகைய பெயர்கள் தம் இடத்தில் எழுதப்படுக. உயிரோடிருப்பவராயின் அவர்தம் இசைவைப் பெற்றே எழுதுக. அவர் மக்களின் பெயரையும் மற்ற மக்களின் பெயர்போலவே அடைமொழி ஒன்றுமின்றி எழுதுக. சங்கம் நல்கும் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையிடம் தாயின் பெயரே போதும் எனக் கொள்க. இதற்குப் பெருஞ்செலவில்லை, புதுச்சட்டம் வேண்டுவதில்லை, சிறிது மையே வேண்டும். பழி வாயால் பரவுவது. நீதி எழுத்தால் நிலைப்பது. விடுபட்ட பெயர்களை எழுதும் சங்கமே தன் குலத்தின் முழுச் சரிதத்தை எழுதியதாகும்.